நீண்ட தூரச் சுடுதலுக்கு அடர்த்தி உயரமும் திட்ட வெப்பநிலையும்: கணக்கிடும் முறை

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக் கரையில் இருக்கிறது கேம்ப் பெரி என்ற துப்பாக்கி சுடும் தளம். 1907-இல் தேசிய ரைஃபிள் போட்டிகள் அங்கே வந்தன. தரை உயரம் சுமார் 580 அடி. நியூ மெக்ஸிகோவில் ரட்டோன் என்ற ஊருக்குப் பக்கத்தில் விட்டிங்டன் சென்டர் என்ற இன்னொரு சுடும் தளம் இருக்கிறது. 33,000 ஏக்கர் நிலம், உயரம் சுமார் 6,600 அடி. கேம்ப் பெரியில் ஒரு கோடைக்கால நாளில் 1,000 கெஜத்துக்குச் சரியாக வைத்த ஸ்கோப்பை, குமிழைத் தொடாமல் ரட்டோனுக்கு எடுத்துப்போய்ச் சுட்டால் குண்டு ஏறக்குறைய நாலரை அடி மேலே போகும். போட்டி இலக்கின் சட்டம் 6 அடிக்கு 6 அடி. நடுவிலிருந்து மேல் விளிம்புக்கு 3 அடிதான். அதனால் முதல் குண்டு காகிதத்தையே தொடாது.

ரைஃபிள் மாறவில்லை, தோட்டா மாறவில்லை, தூரமும் மாறவில்லை. காற்று மட்டும்தான் மாறியது. அந்தக் காற்றை ஒரே எண்ணில் அடக்கிச் சொல்வதுதான் அடர்த்தி உயரம். ரேஞ்சில், அதாவது சுடும் தளத்தில், இதை டென்சிட்டி ஆல்டிட்யூட் என்றே எல்லோரும் சொல்வார்கள். இன்று குண்டின் பாதையைக் கணக்கிடும் எந்த பாலிஸ்டிக் ஆப்பும் இதை நொடியில் காட்டிவிடும். ஆனாலும் ஒருமுறையாவது பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆப் தரும் தவறான விடைகளில் பெரும்பாலானவை கணக்குப் பிழையால் வருபவை அல்ல. நாம் உள்ளே போட்ட எண்ணில் காற்று இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும், அல்லது எண்ணப்படாமலே போயிருக்கும். கையால் போட்டுப் பழகியவருக்கு அது பார்த்தவுடன் தெரியும்.

திட்ட வளிமண்டலம் என்ற அளவுகோல்

பறக்கும் குண்டுக்கு உயரம் தெரியாது, வெப்பமும் தெரியாது. அதன் வழியில் ஒவ்வொரு கன அடியிலும் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதுதான் அதைப் பெரிதும் பாதிக்கிறது. அழுத்தம் கூடினால் காற்று அடர்த்தியாகும். வெப்பம் கூடினால் விரிந்து மெலியும். நீராவி சேர்ந்தாலும் சற்று மெலியும்.

மூன்றையும் தனித்தனியே வைத்துக்கொண்டு ஒப்பிடுவது சிரமம். அதனால் விமானிகள் ஒரு கற்பனை வளிமண்டலத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஏற்றுக்கொண்ட அந்தத் திட்ட வளிமண்டலத்தில், கடல்மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் (59 டிகிரி ஃபாரன்ஹீட்). அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், அதாவது 29.92 அங்குலப் பாதரசம். ஈரப்பதம் சுழியம். அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. மேலே போகப் போக ஒவ்வொரு 1,000 அடிக்கும் வெப்பநிலை 1.98 டிகிரி செல்சியஸ் குறையும். ஃபாரன்ஹீட்டில் 3.57 டிகிரி.

நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றின் அடர்த்தி, இந்தக் கற்பனை வளிமண்டலத்தில் எந்த உயரத்தில் இருக்குமோ அதுவே உங்கள் அடர்த்தி உயரம். அந்தந்த உயரத்துக்கு இந்த அளவுகோல் சொல்லும் வெப்பநிலைதான் திட்ட வெப்பநிலை. இந்த இரண்டும் கையில் இருந்தால் போதும், மீதியெல்லாம் கூட்டலும் பெருக்கலும்தான்.

படி 1: அழுத்தம். எந்த அழுத்தம்?

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

வானிலை ஆப்பைத் திறந்தால் ரட்டோனில் 30.10 என்று காட்டும். கேம்ப் பெரியிலும் 29.98 என்று காட்டும். 6,000 அடி வித்தியாசமுள்ள இரண்டு இடங்களில் அழுத்தம் எப்படிக் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க முடியும்? இருக்க முடியாது. வானிலை அறிக்கையில் வருவது கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்ட அழுத்தம். இந்த இடத்தைத் தோண்டிக் கடல்மட்டம் வரை போனால் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறார்கள். வரைபடத்தில் ஊருக்கு ஊர் ஒப்பிடவும், விமானத்தின் உயரமானியைச் சரிசெய்யவும் அது தேவை. குண்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

குண்டு சந்திப்பது அந்த இடத்தின் உண்மையான அழுத்தம். இதை ஸ்டேஷன் பிரஷர் என்பார்கள். ரட்டோனில் அதே நேரத்தில் அது 23.60 அங்குலம்தான் இருக்கும்.

30.10-ஐ ஸ்டேஷன் பிரஷர் என்று நம்பி ஆப்பில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? 30 டிகிரி வெயிலில், உண்மையில் 9,650 அடியாக இருக்க வேண்டிய அடர்த்தி உயரத்தை அது சுமார் 1,600 அடி என்று காட்டும். 8,000 அடிப் பிழை! 1,000 கெஜத்தில் குண்டு 5 அடி மேலே. மலைப்பகுதி ரேஞ்சுக்குப் புதிதாக வருபவர்கள் "ரைஃபிளில் ஏதோ கோளாறு" என்று முடிவுகட்டுவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கடல்மட்டத்தை ஒட்டிய உயரங்களில் 1,000 அடிக்குச் சுமார் 1 அங்குலம் அழுத்தம் குறையும். மேலே போகப் போக அந்தக் குறைவும் கொஞ்சம் சுருங்கும். 6,600 அடியில் நிற்கிறீர்கள், திரையில் 30-ஐ ஒட்டி ஓர் எண் தெரிகிறது என்றால் அது ஸ்டேஷன் பிரஷர் இல்லை. அவ்வளவுதான், யோசிக்கவே வேண்டாம்.

கெஸ்ட்ரல் போன்ற வானிலைக் கைக்கருவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில மாடல்களில் பாரோமீட்டருக்கென்று ஒரு குறிப்பு உயரம் அமைத்து வைக்கலாம். அதில் ரேஞ்சின் உயரத்தைப் போட்டால் கருவி கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தத்தைக் காட்டும். சுழியம் என்று வைத்தால் நிற்கும் இடத்தின் அழுத்தத்தைக் காட்டும். சுடுபவருக்கு வேண்டியது சுழியம். கருவியை இரவல் வாங்கினால் இதைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

படி 2: அழுத்த உயரம்

கருவி இல்லை, பக்கத்து விமான நிலைய அறிக்கை மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெட்டார் எனப்படும் அந்த அறிக்கையில் ஆல்டிமீட்டர் செட்டிங், அதாவது உயரமானிக்காகக் கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம், வரும். அமெரிக்காவில் 'ஏ3010' என்றிருந்தால் 30.10 அங்குலம் என்று பொருள்.

அழுத்த உயரம் = தரை உயரம் + (29.92 − ஆல்டிமீட்டர் செட்டிங்) × 1,000

தரை உயரம் என்பது நீங்கள் சுடும் மேடையின் உயரம், விமான நிலையத்தின் உயரம் அல்ல. ரட்டோன் விமான நிலையம் 6,352 அடியில் இருக்கிறது. ரேஞ்ச் அதைவிடச் சற்று மேலே. ஆல்டிமீட்டர் செட்டிங்கை அங்கிருந்து எடுக்கலாம், உயரத்தை அங்கிருந்து எடுக்கக் கூடாது.

ரட்டோனுக்கு: 6,600 + (29.92 − 30.10) × 1,000 = 6,600 − 180 = 6,420 அடி.

கேம்ப் பெரிக்கு, செட்டிங் 29.98 என்றால்: 580 − 60 = 520 அடி.

கையில் ஸ்டேஷன் பிரஷரே இருந்தால் தரை உயரம் தேவையில்லை. அழுத்தத்தை 29.92-ஆல் வகுத்து, வரும் எண்ணை 0.1903 அடுக்குக்கு உயர்த்துங்கள். அதை 1-இலிருந்து கழித்து 145,366-ஆல் பெருக்குங்கள். 23.60-க்கு இந்தக் கணக்கு 6,420 அடியை ஒட்டியே வரும். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கருவியும் சரி, அறிக்கையும் சரி. போட்டிக்கு முதல் நாள் மாலை இந்த ஒப்பீட்டைச் செய்துவைப்பது நல்லது.

படி 3: திட்ட வெப்பநிலை

திட்ட வெப்பநிலை = 15 − 1.98 × (அழுத்த உயரம் ÷ 1,000)

ரட்டோன்: 15 − 1.98 × 6.42 = 2.3 டிகிரி செல்சியஸ்.
கேம்ப் பெரி: 15 − 1.98 × 0.52 = 14 டிகிரி.

ஃபாரன்ஹீட்டில் போடுபவர்கள் 59-இலிருந்து ஆயிரம் அடிக்கு 3.57 வீதம் கழித்துக்கொள்ளுங்கள். ரட்டோனுக்கு 36 டிகிரி வரும்.

இங்கே தரை உயரத்தைப் போடாமல் அழுத்த உயரத்தைப் போடுவதைக் கவனியுங்கள். மேகமில்லாத சாதாரண நாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. புயல்சின்னம் கடக்கும் நாளில் பல நூறு அடி இருக்கும்.

படி 4: அடர்த்தி உயரம்

அடர்த்தி உயரம் = அழுத்த உயரம் + 120 × (உண்மை வெப்பநிலை − திட்ட வெப்பநிலை)

இது செல்சியஸுக்கு. ஃபாரன்ஹீட்டுக்கு 120-க்குப் பதில் 66.

ரட்டோனில் பிற்பகல் 30 டிகிரி. 30 − 2.3 = 27.7. அதை 120-ஆல் பெருக்கினால் 3,324. அழுத்த உயரத்தோடு கூட்ட, 9,744 அடி.

கேம்ப் பெரியில் 29 டிகிரி. 29 − 14 = 15. பெருக்கினால் 1,800. கூட்ட, 2,320 அடி.

இந்தச் சூத்திரத்தில் ஒரு டிகிரிக்கு 120 அடி. அதனால் வெப்பமானியை வைக்கும் இடம் முக்கியம். சுடும் பாயின் ஓரத்தில், வெயில் நேராக விழும் இடத்தில் கருப்பு நிறக் கருவியை வைத்துவிட்டுத் தோட்டாப் பெட்டியைத் திறக்கப் போனால், திரும்பி வரும்போது அது காற்றைவிட 5 டிகிரி கூடக் காட்டிக்கொண்டிருக்கும். அங்கேயே 600 அடி பிழை. சட்டைப்பையில் வைத்திருந்து எடுத்தாலும் இதே கதைதான், உடம்புச் சூடு ஏறியிருக்கும். நிழலில், காற்று படும்படி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, எண் நகராமல் நிற்கும் வரை காத்திருந்து படியுங்கள். உடலின் நிழல் கிடைத்தாலும் போதும்.

ஈரப்பதம்

புழுக்கமான நாளில் காற்று 'கனமாக' இருப்பதுபோல் நமக்குத் தோன்றும். உண்மையில் லேசாகத்தான் இருக்கும். நீர் மூலக்கூறின் எடை 18, நைட்ரஜனுக்கு 28, ஆக்ஸிஜனுக்கு 32. நீராவி நுழையும்போது கனமானவை விலகி லேசானது அந்த இடத்தைப் பிடிக்கிறது.

எவ்வளவு வித்தியாசம் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. ரட்டோனில் 30 டிகிரியில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அடர்த்தி உயரம் சுமார் 130 அடி கூடும். கேம்ப் பெரியில் ஏரிக்காற்று வீசும் 29 டிகிரி நாளில் 75 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 390 அடி. குளிர்காலத்தில் ஈரப்பதம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் எடுக்க வேண்டாம். கோடையில் நீர்நிலைக்குப் பக்கத்தில் சுடுபவர்கள் மட்டும் 300, 400 அடி சேர்த்துக்கொள்ளலாம்.

துல்லியம் வேண்டுமென்றால்

120 என்ற பெருக்கல் எண் ஒரு தோராயம். உண்மை வெப்பநிலை திட்ட வெப்பநிலைக்கு அருகில் இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும். விலக விலகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். மொபைலில் உள்ள கால்குலேட்டர் போதும், இப்படிப் போடலாம்:

முதலில் அடர்த்தி. ஸ்டேஷன் பிரஷரை பாஸ்கலில் எடுத்து, 287.05 × (செல்சியஸ் + 273.15) என்ற பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். ரட்டோனின் 23.60 அங்குலம் என்பது 79,920 பாஸ்கல். 287.05 × 303.15 = 87,019. வகுத்தால் கன மீட்டருக்கு 0.918 கிலோ.

இதை 1.225-ஆல் வகுத்தால் 0.750. கடல்மட்டத் திட்டக் காற்றில் முக்கால் பங்குதான் அங்கே இருக்கிறது. இந்த எண்ணை 0.235 அடுக்குக்கு உயர்த்தி, 1-இலிருந்து கழித்து, 145,442-ஆல் பெருக்கினால் சுமார் 9,520 அடி. ஈரப்பதத்துக்கு 130 சேர்த்தால் 9,650.

தோராய முறை தந்தது 9,744. நூறு அடிக்குள்தான் வித்தியாசம். கேம்ப் பெரியில் துல்லியக் கணக்கு, ஈரப்பதம் சேர்த்து, 2,630 அடி தரும். தோராய முறை தந்த 2,320-இல் 300 அடி குறைகிறது. அங்கே குறைவுக்குக் காரணம் ஏரியின் ஈரம். உலர்ந்த மலைப்பகுதியில் தோராயக் கணக்கின் மிகையும் ஈரப்பதத்தின் பங்கும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. அதனால்தான் கொலராடோ, நியூ மெக்ஸிகோ பக்கத்தில் சுடுபவர்களுக்கு வெறும் 120 சூத்திரமே ஆண்டுக்கணக்கில் போதுமானதாக இருக்கிறது.

இந்த எண் ஸ்கோப்பில் என்ன செய்யும்

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். .308 வின்செஸ்டர், 175 கிரெய்ன் குண்டு, ஜி7 பாலிஸ்டிக் கோஎஃபிஷன்ட் (குண்டு காற்றை எவ்வளவு நன்றாகக் கிழித்துச் செல்கிறது என்று சொல்லும் எண்) 0.243, குழல்முனை வேகம் வினாடிக்கு 2,600 அடி, 100 கெஜத்தில் ஜீரோ, அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒன்றாகும்படி வைத்தது. கேம்ப் பெரியின் 2,630 அடிக்கும் ரட்டோனின் 9,650 அடிக்கும் இடையில் 7,000 அடி வித்தியாசம். அடர்த்தியில் ஏறக்குறைய 19 சதவீதம்.

300 கெஜத்தில் இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலம்கூட இல்லை. 600 கெஜத்தில் சுமார் 8 அங்குலம். 1,000 கெஜத்தில் 54 அங்குலம். முதலாவதற்கும் கடைசிக்கும் தூரம் மூன்று மடங்குக்குச் சற்று அதிகம், வேறுபாடோ ஐம்பது மடங்குக்கு மேல். 300 கெஜம் வரை சுடுபவர் இந்தக் கட்டுரையை மறந்துவிடலாம். 600-ஐத் தாண்டுபவர் மறக்க முடியாது.

ஸ்கோப்பின் கோண அளவான மில் கணக்கில் (1,000 கெஜத்தில் ஒரு மில் என்பது 36 அங்குலம்) சொன்னால், கேம்ப் பெரியில் 1,000 கெஜத்துக்கு 11.3 மில் ஏற்ற வேண்டும். ரட்டோனில் 9.8 மில். ஆயிரம் அடி அடர்த்தி உயரத்துக்கு 0.2 மில். குமிழின் ஒவ்வொரு கிளிக்குக்கும் 0.1 மில் நகரும் ஸ்கோப்பில் இரண்டு கிளிக். ஆக, 500 அடிக்கு ஒரு கிளிக். இந்த ஒரு விகிதத்தை உங்கள் ரைஃபிளுக்கும் உங்கள் தூரத்துக்கும் கண்டுபிடித்துக் கைப்பிடியில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிழையைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அதுவே சொல்லிவிடும். 100 அடிப் பிழைக்காகக் கவலைப்பட வேண்டாம், ஓர் அங்குலம்கூட வராது. வெயிலில் வைத்த கருவியின் 600 அடிப் பிழை ஒரு கிளிக்குக்கு மேல்.

ஒரே ரேஞ்சில், ஒரே நாளிலும் இது மாறும். ரட்டோனில் காலையில் 12 டிகிரி இருந்து பிற்பகலில் 30-க்கு ஏறினால், அழுத்தம் அப்படியே இருந்தாலும், அடர்த்தி உயரம் 7,680-இலிருந்து 9,650-க்குப் போகும். நாலு கிளிக், 14 அங்குலம். எஃப்-கிளாஸ் என்ற போட்டி வகையின் 1,000 கெஜ இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10 அங்குலம். காலைக் கணக்கோடு பிற்பகல் சுற்றுக்குப் போனால் நடுவில் பட வேண்டிய குண்டு எட்டு வளையத்தில் விழும். எஃப்-கிளாஸில் மதிப்பெண் இல்லாத சரிபார்க்கும் குண்டுகள் கிடைப்பதால் திருத்திக்கொள்ள வழி உண்டு. முதல் குண்டுக்கே மதிப்பெண் என்கிற போட்டிகளில் அந்தச் சலுகை கிடையாது.

மெல்லிய காற்று பக்கக் காற்றின் வேலையையும் குறைக்கிறது. பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, இதே குண்டை கேம்ப் பெரியில் 1,000 கெஜத்தில் சுமார் 100 அங்குலம் தள்ளும். ரட்டோனில் சுமார் 75 அங்குலம்தான். உயரத்தை மட்டும் திருத்திவிட்டுக் காற்றுக்குப் பழைய அட்டவணையையே வைத்திருப்பவர், காற்றைச் சரியாகவே படித்தாலும் 2 அடி தள்ளிச் சுடுவார்.

ஆப்பில் போடும்போது இரண்டு முறை எண்ணாதீர்கள்

திட்ட வெப்பநிலை மீண்டும் தேவைப்படும் இடம் இது. அடர்த்தி உயரத்துக்கென்று தனிக் கட்டம் இல்லாத ஆப்பில் பலர் 'உயரம்' என்ற கட்டத்தில் 9,650 போடுகிறார்கள். அப்புறம் 'வெப்பநிலை' கட்டத்தில் உண்மையான 30 டிகிரியையும் போடுகிறார்கள். வெப்பத்தின் விளைவு 9,650-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது அது இரண்டாவது முறையும் சேர்கிறது. ஆப் 13,400 அடியில் சுடுவதாக நினைத்துக்கொள்ளும். குண்டு 1,000 கெஜத்தில் சுமார் 2 அடி தாழும்.

உயரக் கட்டத்தில் அடர்த்தி உயரத்தைப் போட்டால், வெப்பநிலைக் கட்டத்தில் அந்த உயரத்துக்குரிய திட்ட வெப்பநிலையைத்தான் போட வேண்டும். 15 − 1.98 × 9.65 = −4.1 டிகிரி செல்சியஸ், அதாவது 24.6 ஃபாரன்ஹீட். அழுத்தம் கேட்டால் திட்ட அழுத்தம், ஈரப்பதம் சுழியம். கோடை வெயிலில் நின்றுகொண்டு −4 என்று தட்டச்சு செய்வது விசித்திரமாக இருக்கும். ஆனால் அடர்த்தி சரியாக வரும்.

அடர்த்தி சரியாக வரும், விடை முழுவதும் சரியாக வராது. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரியில் வினாடிக்கு 349 மீட்டர், −4 டிகிரியில் 329. குண்டு ஒலியைவிட எத்தனை மடங்கு வேகத்தில் போகிறது என்பதைப் பொறுத்து அதன் இழுவைக் குணகம் மாறும். ஒலிவேகத்தைத் தாண்டிய பிறகு, மடங்கு கூடக் கூடக் குணகம் குறையும். −4 என்று சொன்னால் ஆப் இழுவையை 2.5 முதல் 3 சதவீதம் குறைத்து மதிப்பிடும். இந்த எடுத்துக்காட்டில் அது 1,000 கெஜத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிளிக், குண்டு 6 அங்குலம் கீழே.

அதனால் என் தீர்ப்பு இது: ஆப் கையில் இருந்தால் அடர்த்தி உயரத்தை அதில் போடவே வேண்டாம். ஸ்டேஷன் பிரஷர், நிழல் வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் அப்படியே கொடுங்கள், உயரக் கட்டத்தைத் தொடாதீர்கள். ஆப் வேலை செய்யாத நேரத்துக்கான காகித அட்டவணைக்கும், ஆப் தரும் விடையைச் சரிபார்க்கவும், ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடவும் அடர்த்தி உயரத்தைப் பயன்படுத்துங்கள். அட்டவணையை 2,000 அடிக்கு ஒரு வரிசை என்று தயாரித்தால் போதும், இடையில் உள்ளதை மனக்கணக்காகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அதை அச்சிடும்போது நீங்கள் வழக்கமாகச் சுடும் பருவத்தின் வெப்பநிலையைக் கொடுத்து, அழுத்தத்தை மாற்றி மாற்றி ஒவ்வொரு வரிசையையும் எடுங்கள். ஒலிவேகப் பிழை பெரும்பாலும் போய்விடும்.

குண்டின் எண் எந்தக் காற்றில் அளந்தது

இன்னொரு பழைய சிக்கல். பாலிஸ்டிக் கோஎஃபிஷன்டும் ஏதோ ஒரு திட்டக் காற்றை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. மேலே சொன்ன விமானத் திட்டம் ஒன்று. ஆர்மி ஸ்டாண்டர்ட் மெட்ரோ என்ற பழைய பீரங்கித் திட்டம் இன்னொன்று. அதில் 59 டிகிரி ஃபாரன்ஹீட், 750 மில்லிமீட்டர் பாதரசம், 78 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்று சுமார் 1.8 சதவீதம் மெல்லியது, விமானத் திட்டத்தில் 600 அடி உயரத்துக்குச் சமம். ஒன்றில் அளந்த எண்ணை மற்றொன்றைக் கேட்கும் ஆப்பில் போட்டால் ஒரு கிளிக் அளவுக்கு நிரந்தரப் பிழை எல்லா இடத்திலும் கூடவே வரும். ஆப்பின் அமைப்புகளில் இதற்குத் தேர்வு இருக்கும், ஒருமுறை பார்த்து வைத்துவிடுங்கள்.

அடர்த்தி உயரத்துக்குள் வராதது

வெடிமருந்தின் சூடு. தோட்டா சூடானால் குழல்முனை வேகம் கூடும். எவ்வளவு என்பது மருந்தின் வகையைப் பொறுத்தது. வெப்பத்துக்கு அதிகம் அசையாத மருந்துகளும் உண்டு, டிகிரிக்கு டிகிரி வேகம் மாறுபவையும் உண்டு. காலை 12 டிகிரியிலும் பிற்பகல் 30 டிகிரியிலும் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் அளந்து பார்த்தால்தான் உங்கள் தோட்டாவுக்கு எவ்வளவு என்று தெரியும். இதை அளக்காமல் அடர்த்தி உயரத்தை மட்டும் திருத்துபவர்கள், கோடையில் குண்டு எப்போதும் கொஞ்சம் மேலே போவதைப் பார்த்துவிட்டுக் கோஎஃபிஷன்டை மாற்றிவிடுகிறார்கள். குளிர்காலம் வந்ததும் அது எதிர்ப்பக்கம் திரும்பும்.

ஒலிவேகத்துக்குப் பக்கத்தில் வரும்போதும் கணக்கு தடுமாறும். நம் எடுத்துக்காட்டுக் குண்டு கேம்ப் பெரியில் 1,000 கெஜத்தை எட்டும்போது வினாடிக்கு 1,160 அடிக்கு இறங்கியிருக்கும். அன்றைய ஒலிவேகம் 1,143. விளிம்பில் நிற்கிறது. ரட்டோனில் அதே தூரத்தில் 1,390 அடி, இன்னும் வசதியாகவே இருக்கிறது. மலைமேல் அச்சுப்பிசகாமல் பொருந்தும் அட்டவணை ஏரிக்கரையில் கடைசி 100 கெஜத்தில் பொருந்தாமல் போனால், அடர்த்தி உயரத்தைக் குறை சொல்ல வேண்டாம். அங்கே அதே குண்டை வேகமாக அனுப்ப வேண்டும், அல்லது கோஎஃபிஷன்ட் கூடிய குண்டுக்கு மாற வேண்டும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி: தேதி, நேரம், இடம், ஸ்டேஷன் பிரஷர், நிழல் வெப்பநிலை, ஈரப்பதம், கணக்கிட்ட அடர்த்தி உயரம், ஆப் சொன்ன ஏற்றம், உண்மையில் குண்டு நடுவில் பட்ட ஏற்றம், முடிந்தால் குழல்முனை வேகம். அடர்த்தி உயரத்தை மட்டும் எழுதிவிட்டு மூல எண்களை விட்டுவிடாதீர்கள். 9,650 என்ற எண்ணிலிருந்து அன்று 30 டிகிரியா, அல்லது இன்னும் உயரமான இடத்தில் குளிர்நாளா என்று திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. கடைசி இரண்டு ஏற்றங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனிக் கட்டத்தில் போடுங்கள். அந்த வித்தியாசம் எல்லா நாட்களிலும் ஒரே பக்கம் இருந்தால் கோஎஃபிஷன்ட் அல்லது குழல்முனை வேகம் தவறு. வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் மருந்து. ஓர் இடத்தில் மட்டும் பெரிதாக விலகினால் அன்றைய அழுத்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள்.